பிடித்துக்கொண்ட பிஸ்டன்

சந்தோஷ் கிக்கர் மேல் முழு உடம்பையும் ஏற்றி நின்றான். கிக்கர் இறங்கவில்லை. அதன் மேலேயே ஒரு குதி குதித்தான். அப்போதும் இறங்கவில்லை. வண்டிதான் ஸ்டாண்டோடு சேர்ந்து அரை சாண் பின்னால் நகர்ந்தது. சீட்டுக்கு அடியில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது.

"கல்லுல அடிச்ச ஆணி மாதிரி நிக்குது பாத்தியா?" என்றார் திம்மராயன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இன்ஜின் ஜாம் ஆயிருக்குது மாமா. பெரிய விஷயம் இல்ல."

கடலை உரித்த கை நின்றது. திம்மராயன் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்தார்.

"இன்ஜின் ஜாம் ஆயிருக்குதுங்க அங்கிள்," என்று திருத்திச் சொன்னான் சந்தோஷ். கடலை மறுபடி உரிபட ஆரம்பித்தது.

அவனுக்கும் அவருக்கும் அன்றுவரை இருந்த உறவு அவ்வளவுதான். ஓசூரில் இன்ஜின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சந்தோஷ் குவாலிட்டி பிரிவில் இருந்தான். திம்மராயனின் இளைய மகள் ரூபா, அதே ரோட்டில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் இன்னொரு கம்பெனியில் இருந்தாள். இரண்டு கம்பெனி பஸ்களும் ஒரே டீக்கடை முன்னால் நின்றதில் ஆரம்பித்த பழக்கம், கல்யாணம் செய்துகொண்டால் அது இவளைத்தான் என்கிற இடத்துக்கு வந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் தைரியமாகப் பர்கூருக்கு வந்து, மாந்தோப்பு நடுவில் இருக்கும் இந்த வீட்டில் நேரடியாகப் பெண் கேட்டான்.

திம்மராயன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஊர், பெற்றோர், சம்பளம் எதையும் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கம்பெனியில என்ன பண்ற?"

"பிஸ்டன்."

"அப்பிடியா? மாட்டுக்கொட்டாயில ஒரு வண்டி வருசக்கணக்கா நிக்குது. அதுக்குள்ளயும் ஒரு பிஸ்டன் இருக்கணும். ஓட வச்சுக் காட்டு. அப்புறம் பேசலாம்."

வேறு யாராவது இருந்தால் பயந்திருப்பார்கள். சந்தோஷ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். சாதியைக் கேட்டிருந்தால், நிலத்தைக் கேட்டிருந்தால் தடுமாறியிருப்பான். இவர் போயும் போயும் பிஸ்டனைக் கேட்கிறாரே! தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால்கூட பிஸ்டனைத் தூக்கிக் குப்பையில் போடுகிறவன் அவன்.

அதை இதுவரை ஓர் இன்ஜினுக்குள் வைத்துப் பார்த்ததில்லை என்பது மட்டும்தான் குறை. அதை யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

"எங்க கம்பெனியில ஒரு பிரச்சினை வந்துச்சுன்னா, அஞ்சு தடவை 'ஏன்'னு கேப்போம் அங்கிள். அஞ்சாவது பதில்ல மூல காரணம் வந்துடும்."

"கேளு."

"வண்டி ஏன் நின்னுச்சு?"

"ஓட்டல."

"ஏன் ஓட்டல?"

"நின்னுடுச்சு."

"ஏன் நின்னுச்சு?"

"அதான் சொன்னனே. ஓட்டல."

சந்தோஷ் நான்காவது 'ஏன்' கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்த கருப்பாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வீட்டு மாடு, கன்று, தோப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவள் அவள். அந்த வீட்டில் திம்மராயனுக்குப் பயப்படாத ஒரே ஆளும் அவள்தான். "எங்க ஊட்டுக்காரனை ஒரே ஒரு ஏன் கேட்டாலே சோத்தத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிடுவான். நீங்க அஞ்சு கேக்குறீங்களே தம்பி!"

சந்தோஷ் அசரவில்லை. காரணம் தெரியாவிட்டாலும் வைத்தியம் தெரியும். முந்தின இரவே போனில் ஏழெட்டு வீடியோ பார்த்துத் தயாராக வந்திருந்தான். பல வருடம் ஓடாமல் நின்ற வண்டியில், சிலிண்டருக்குள் ஈரம் பட்டுத் துரு ஏறி, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்தால் துரு இளகும். அதன்பிறகு ஒரே உதை.

பிளக்கைக் கழற்றினான். ஊற்றினான்.

"இனி ஊறணும் அங்கிள்."

"எவ்வளவு நேரம்?"

"நல்லா ஊறணும். சாயங்காலம் வரைக்கும் விட்டாத்தான்..."

"அது வரைக்கும் நீ சும்மாதானே உக்காந்திருப்ப?" திம்மராயன் கடலைத்தொலியைத் தட்டிவிட்டு எழுந்தார். "போர் மோட்டாரு ஓட மாட்டேங்குது, ஸ்டார்ட்டர் டப்பாவுல ஏதோ கோளாறு. ஒரு பார்வை பாத்துடேன்."

ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள் பல்லி செத்துக் கிடந்தது. சந்தோஷ் அதை எடுத்துவிட்டு, கருகிய பாயின்டுகளைத் தேய்த்து, வயரை மாற்றிக் கட்டினான். மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்தது. ரூபாவின் அம்மா சாந்தம்மா சமையலறைக் கதவோரம் நின்று, "தண்ணி வந்துச்சுங்க!" என்று கணவரிடம் சொன்னாள். திம்மராயன் தலையை மட்டும் ஆட்டினார்.

சாயங்காலம் கிக்கரை மிதித்தான். அது அசையவில்லை.

அடுத்த ஞாயிறு ஓர் இரும்புக் குழாயோடு வந்தான். கிக்கரின் நுனியில் குழாயைச் சொருகிவிட்டால் நீளம் கூடும்; நீளம் கூடினால் பலம் கூடும். இது பள்ளிக்கூடப் பாடம். குழாயைச் சொருகினான், அதன் நுனியில் தொங்கினான்.

படக்.

கிக்கர் தரைவரைக்கும் இறங்கியது.

"இறங்கிடுச்சு!" என்று கையைத் தூக்கினான் சந்தோஷ்.

திம்மராயன் எழுந்து வந்து பார்த்தார். "இறங்குச்சு. ஏன் மேல வரல?"

கையால் தூக்கி விட்டான். மறுபடி தொப்பென்று விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினான். இன்னொரு தடவை விழுந்தது. ஒடிந்த கோழிக் கால் மாதிரி தொங்கியது. உள்ளே கிக்கர் தண்டின் பற்கள் மொத்தமாக நொறுங்கியிருந்தன.

"இப்ப கிக்கருக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம் இல்ல அங்கிள்."

"நீ வர்றதுக்கு முந்தி வண்டிக்கு ஒரு நோவு. இப்ப ரெண்டு."

"அது மாத்திடலாங்க. சின்ன பார்ட்டுதான்."

"மாத்து. அப்பிடியே அந்தக் கேட்டு கீழ உரசுது. கையோட கையா அதையும் தூக்கி வச்சிடு."

கேட்டைத் தூக்கி வைக்க, கீலை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. பர்கூர் பட்டறையிலிருந்து மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து அவனே செய்தான். கேட்டு ஒற்றை விரலால் தள்ளினால் திறந்தது. கல்குவாரி லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசியில் நனைந்து ஓசூர் திரும்பும்போது, அவனுக்கு ஒரு விஷயம் புரிந்தது: திம்மராயன் வண்டியை மட்டும் சோதிக்கவில்லை. அவனையே சோதிக்கிறார். சரி, சோதிக்கட்டும்.

அன்றிரவு சிங்காரப்பேட்டையிலிருந்து அம்மா சரோஜம்மாள் போன் செய்தாள்.

"என்னடா கண்ணு, இன்னிக்கு என்ன வேலை செஞ்ச?"

"கேட்டு வெல்டிங்."

"நல்லா செய்டா. ஞாயித்துக்கிழமையானா வீட்ல சாயங்காலம் வரைக்கும் குப்புறப் படுத்துக் கெடக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்."

தொடக்கத்தில் ரூபா பேரை எடுத்தாலே போனை வைத்தவள் இந்த அம்மா. இப்போது அவளே ஊக்கம் கொடுக்கிறாள். தன் பிடிவாதம் ஒரு பக்கத்தில் ஜெயித்துவிட்டது, இன்னொரு பக்கம்தான் பாக்கி என்று சந்தோஷ் நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது யோசனை டிராக்டர்.

வண்டியைக் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றினால் இன்ஜின் சுற்றியே தீரவேண்டும். கையால் சுற்ற முடியவில்லை. ஆகவே டிராக்டரில் கயிறு கட்டி இழுக்க வேண்டும். வண்டி மேல் சந்தோஷ். டிராக்டர் மேல் திம்மராயன்.

"மெதுவா இழுங்க அங்கிள். நான் 'நிறுத்து'ன்னா நிறுத்திடுங்க."

"சொல்லு, நிறுத்திடுறேன்."

டிராக்டர் போடும் சத்தத்தில், பக்கத்துத் தோப்பில் குண்டு விழுந்தாலும் திம்மராயனுக்குக் கேட்காது என்பதை அவன் யோசிக்கவில்லை. கயிறு இறுகியது. பின்சக்கரம் சுற்றவில்லை, தரையைக் கொழுமுனைபோல் கீறியபடி வந்தது. "நிறுத்துங்க!" என்று கத்தினான். கிளட்சைப் பிடித்திருந்தால் சக்கரம் சுற்றியிருக்கும். பதற்றத்தில் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் இன்னும் ஆழமாக உழுதது. களத்தில் காயப்போட்டிருந்த ராகி இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சாந்தம்மா "ஐயையோ, ஐயையோ" என்று கூடவே ஓடி வந்தாள். கருப்பாயி ஓடவில்லை, சிரித்துச் சிரித்துச் சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கிணற்றுமேடு வந்ததும் திம்மராயன் தானாகவே நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். பின்டயர் கிழிந்து தொங்கியது. செயின் அறுந்து கிடந்தது. சந்தோஷ் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான், ராகி பூசிய விக்கிரகம்போல.

"இன்ஜின் சுத்துச்சா?"

"இல்லைங்க."

திம்மராயன் இறங்கி வந்தார். வீட்டிலிருந்து கிணற்றுமேடுவரை வண்டி உழுதுபோட்டிருந்த பள்ளத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். காலால் ஆழம் பார்த்தார்.

"நூல் புடிச்ச மாதிரி நேரா வந்திருக்குதே! சொட்டுநீர்ப் பைப்பு பொதைக்க ஆள் கூப்பிடணும்னு இருந்தேன். பைப்பு கொட்டாயில இருக்குது. அப்பிடியே போட்டு மூடிடு தம்பி."

ஒவ்வொரு வாரமும் வண்டி கெட்டுக்கொண்டே போனது. வீடு மட்டும் தேறிக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை டீக்கடையில் ரூபாவிடம் கதையைச் சொன்னான். அவள் டீ சிந்தச் சிரித்தாள்.

"சிரிக்காதே. எனக்குப் பயமா இருக்குது. உங்கப்பா ஒரு வார்த்தை பிடிகொடுத்துப் பேச மாட்டேங்குறாரு."

"அதெல்லாம் ஒத்துக்குவாரு."

"எப்பிடி இவ்வளவு உறுதியா சொல்றே?"

"எங்கப்பாவ எனக்குத் தெரியாதா? நீ வண்டிய மட்டும் முடி." அவள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க கம்பெனி வண்டிக்குப் பிஸ்டனே கெடையாது, தெரியுமா? இந்தக் கஷ்டமே இல்ல."

"உங்கப்பா அந்த வண்டிய வாங்கியிருக்கலாம்."

"வாங்கியிருந்தா உனக்கு எங்க வீட்ல என்ன வேலை?" என்றாள் ரூபா. பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அப்புறம், மாடியில தொட்டி ஒழுகுதாம். அம்மா சொல்லச் சொன்னாங்க," என்றாள்.

நான்காவது ஞாயிறு அவன் கொண்டுவந்தது கிரீஸ் கன். தோல்வியே இல்லாத முறை என்று வீடியோவில் வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். பிளக் ஓட்டையில் குழாயைப் பொருத்தி கிரீஸை அழுத்தி அடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி ஏறி, பிஸ்டன் போக இடமில்லாமல் நகர்ந்தே ஆகவேண்டும்.

அன்றைக்குப் பார்த்துப் பெரிய மாப்பிள்ளை ஹரீஷ்குமார் வந்திருந்தார். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம். அவர் வருகிறார் என்றதும் அந்த வீடே வேறு வீடாகிவிட்டது. கயிற்றுக் கட்டிலில் புது ஜமக்காளம் விரிந்தது. மேஜை ஃபேன் வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்து நின்றது. சேவல் ஒன்று குறைந்தது. சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவ, திம்மராயனே சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினார். இலையை எடுக்க மாப்பிள்ளை குனிந்தபோது மூன்று பேர் பதறிப் பாய்ந்தார்கள்.

கை முழுக்க கிரீஸோடு சந்தோஷ் இதையெல்லாம் கொட்டகையிலிருந்து பார்த்தான். அவனுக்குப் பொறாமை வரவில்லை, வெறி வந்தது. அந்த ஜமக்காளத்தில் ஒரு நாள் நானும் உட்காருவேன். கிரீஸ் கன்னை வேகமாக அடித்தான்.

ஒரு டப்பா கிரீஸ் உள்ளே போயிற்று. பிஸ்டன் நகரவில்லை. இரண்டாவது டப்பாவும் போயிற்று. இவ்வளவு சின்ன இன்ஜினுக்குள் இவ்வளவு கிரீஸ் எப்படிப் பிடிக்கிறது என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு சரி; முறை சரி. மூன்றாவது டப்பாவைத் திறந்தான்.

"என்ன நடக்குது இங்க?" என்று வெள்ளை வேட்டி சரசரக்க வந்தார் ஹரீஷ்குமார். வண்டியின் பின்பக்கம் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "டூ-ஸ்ட்ரோக்கா? அந்தக் காலத்துல எங்க மாமா..."

டூ-ஸ்ட்ரோக். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் சந்தோஷின் மூளையில் விளக்கு எரிந்தது. இந்த வகை இன்ஜினில் புகை வெளியேறும் ஓட்டை சிலிண்டர் சுவரிலேயே இருக்கும். பிஸ்டன் அடியில் சிக்கியிருந்தால் அந்த ஓட்டை திறந்தே கிடக்கும். அப்படியானால் இதுவரை அடித்த கிரீஸெல்லாம்...

அதற்குள் கை பழக்கத்தில் இன்னும் ஓர் அழுத்து அழுத்திவிட்டது.

சைலன்சரின் வாயிலிருந்து கிரீஸ் எட்டிப் பார்த்தது. முறுக்குப் பிழியும் அச்சிலிருந்து மாவு இறங்குவதுபோல், கறுப்பாக, தடிமனாக, நிதானமாக வெளியே வந்து, கொஞ்சம் வளைந்து, ஹரீஷ்குமாரின் வேட்டியில் முழங்கால் உயரத்தில் படுத்துக்கொண்டது.

"மாப்பிள்ளை!" என்று அலறினார் திம்மராயன். அவர் இவ்வளவு வேகமாக ஓடி சந்தோஷ் பார்த்ததில்லை. சாந்தம்மா ஓடி வந்தாள். மண்ணெண்ணெய் வந்தது, சீயக்காய் வந்தது, பீரோவிலிருந்து புது வேட்டி வந்தது. ஹரீஷ்குமார் ஊர்வலத்தில் வரும் சாமியைப்போல் உள்ளே அழைத்துச் செல்லப்பட்டார்.

சந்தோஷ் தனியாக நின்றான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். பெண் கேட்க வந்தவன் வீட்டு மாப்பிள்ளை மேல் கிரீஸ் அடித்தான் என்று ஊரே பேசப்போகிறது. ரூபாவிடம் என்ன சொல்வது?

"பயந்துட்டீங்களா தம்பி?" என்றாள் கருப்பாயி, தட்டுக்கட்டைத் தலையிலிருந்து இறக்கியபடி. "அந்த மனுசன் இந்த வீட்டுக்கு வந்து இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணைத் தொட்டிருக்காரு."

திம்மராயன் வெளியே வந்தார். சந்தோஷ் தலை குனிந்து நின்றான்.

"அங்கிள், மன்னிச்சிடுங்க. இனிமே நான் வர வேண்டாம்னா..."

"வர வேண்டாம்னா?" திம்மராயன் பதறிப்போனார். அந்தப் பதற்றம் சந்தோஷுக்கு விளங்கவில்லை. "பாதியில விட்டுட்டு ஓடப் பாக்குறியா? செயின் இல்ல, டயர் இல்ல, கிக்கர் இல்ல, சைலன்சர்ல ஒரு படி கிரீசு! இப்ப வண்டியக் காயலான்கடைக்காரன்கூட எடுக்க மாட்டான். முடிச்சுக் குடுத்துட்டுப் பேசு." கொஞ்சம் தணிந்து, "அடுத்த வாரம் வரும்போது தட்டு வெட்டுற மெஷினுக்கு பிளேடு ஒண்ணு வாங்கிட்டு வா," என்றார்.

அன்றைக்குத்தான் சந்தோஷ் போனை அணைத்துவிட்டு உண்மையாக யோசித்தான். அழுத்தியாயிற்று, இழுத்தாயிற்று, மிதித்தாயிற்று. எல்லாம் வெளியிலிருந்தே. இன்ஜினைத் திறக்காமலே காரியம் நடக்க வேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு. திறந்துவிடவேண்டியதுதான்.

சனிக்கிழமையும் லீவு போட்டுவிட்டு வந்தான். சிலிண்டரின் மேல்மூடியைக் கழற்றினான். கிரீஸை வழித்து எடுத்தான். அடியில், துருவின் செந்நிறத்தில், பிஸ்டன் தெரிந்தது. தினமும் நூற்றுக்கணக்கில் கையில் எடுத்துப் பார்த்த அதே உருண்டை. இப்போதுதான் முதல்முறையாக அதன் வீட்டில் வைத்துப் பார்க்கிறான்.

"சாந்தம்மா ஆன்ட்டி, ஓர் அண்டா வெந்நீர் வேணும். நல்லா கொதிக்கணும்."

"குளிக்கவாப்பா?"

"இன்ஜினுக்கு."

சாந்தம்மா மறுகேள்வி கேட்கவில்லை. இந்த ஒரு மாதத்தில் அவள் எதற்கும் தயாராகியிருந்தாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைச் சிலிண்டரின் வெளிப்புறத்தில் ஊற்றினான். சூட்டில் சிலிண்டர் விரிய வேண்டும், பிஸ்டன் பிடி தளர வேண்டும். மாங்கட்டையில் செதுக்கிய இரண்டு ஆப்புகளைச் சிலிண்டருக்கு அடியில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. மறுபடி வெந்நீர். மறுபடி தட்டு. அவசரப்படவில்லை. திம்மராயன் கடலை உரிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நெற்றி வியர்வை சொட்டியது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

'க்ளக்' என்று பால்பல் விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

சிலிண்டர் அவன் கையோடு மேலே வந்துவிட்டது. பிஸ்டன் மட்டும் அதைத் தாங்கும் கம்பியின் நுனியில் தனியாக நின்று ஆடியது.

"வந்துடுச்சு!" என்று கத்தியது சந்தோஷ் இல்லை; திம்மராயன்.

மீதி எல்லாம் ஓட்டம்தான். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு பழைய ஸ்பேர் கடையில், பிஸ்டன் வளையம், கிக்கர் தண்டு, செயின் மூன்றும் கிடைத்தன. கடைக்காரர் பார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஈ காடி இன்னூ பதுகிதியா?" என்று கன்னடத்தில் வியந்தார், இந்த வண்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று. "இந்த வாரம் பிழைச்சிடும்ணா," என்றான் சந்தோஷ் தமிழில். சிலிண்டரைத் தேய்த்துத் துரு எடுத்தான். கார்புரேட்டரிலிருந்து கைப்பிடி அளவு கல்குவாரித் தூசி வந்தது. மாடித் தொட்டியின் ஒழுகலை அடைத்துவிட்டு வந்து புது டயரை மாட்டினான். தட்டு மெஷினுக்கு பிளேடு போட்டுவிட்டு வந்து செயினை மாட்டினான்.

கிரீஸ் அடைத்த சைலன்சரைத் தேங்காய்மட்டை நெருப்பில் போட்டுச் சுட்டபோதுதான் கடைசித் தொந்தரவு. எழுந்த கறும்புகையைப் பார்த்து, தோப்பு பற்றிக்கொண்டது என்று பக்கத்துக் காட்டுக்காரர்கள் குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். வந்தவர்கள் போகவில்லை. வண்டி ஓடுமா ஓடாதா என்று பார்த்துவிட்டே போவது என்று குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரூபாவும் அன்று ஊருக்கு வந்திருந்தாள். வாசலில் அம்மா பக்கத்தில் நின்றாள்.

கோழி வேறு இடத்துக்குக் குடிபோயிருந்தது. சந்தோஷ் பெட்ரோலைத் திறந்தான். கிக்கரில் காலை வைத்தான்.

முதல் உதை. ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

இரண்டாவது உதை. ஒரு செருமல்.

சந்தோஷ் கண்ணை மூடிக்கொண்டான். ஜமக்காளமோ ஃபேனோ நினைவுக்கு வரவில்லை. டீ சிந்தச் சிரிக்கும் ஒரு முகம்தான் வந்தது. மிதித்தான்.

டுர்ர்ர்ரென்று வண்டி அலறியது. கொட்டகை வெள்ளைப் புகையில் மறைந்தது. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன. குடத்துக்காரர்கள் கைதட்டினார்கள். புகைக்குள்ளிருந்து திம்மராயன் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், வண்டியில் ஏறினார். கேட்டைத் தாண்டி, தோப்பைச் சுற்றி, கிணற்றுமேட்டில் திரும்பி, டுபுடுபுவென்று வந்து நிறுத்தினார். கண்ணில் தண்ணீர், புகையினாலா வேறு எதனாலா என்று சொல்ல முடியவில்லை.

வண்டியை விட்டு இறங்கி நேராக சந்தோஷிடம் வந்தார். அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் தானே வாங்கிக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டால் கட்டிலைத் தட்டினார்.

"போதும், போதும். வந்து உக்காருங்க மாப்பிள்ளை!"

'தம்பி' போயிற்று. 'வா, போ' போயிற்று. மாப்பிள்ளை! சந்தோஷுக்குக் காது அடைத்தது. சாந்தம்மா ஜமக்காளம் எடுக்க உள்ளே ஓடினாள். ரூபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினாள். ஃபேன் வெளியே வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு யாரோ கோழி பிடிக்கப் போனார்கள்.

கருப்பாயி ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து அவன் கறுத்த கைகளில் ஊற்றினாள். சந்தோஷால் பெருமையை அடக்க முடியவில்லை.

"பாத்தீங்களாக்கா? ஓட வச்சுட்டேன், ஒத்துக்கிட்டாரு! நடுவுல முடியாதுன்னு விட்டுட்டுப் போயிருந்தேன்னா இந்தக் கல்யாணம் என்னாயிருக்கும், சொல்லுங்க?"

"என்னாயிருக்கும், ஒண்ணும் ஆயிருக்காது," என்றாள் கருப்பாயி, சொம்பைச் சாய்த்தபடி. "உங்கம்மா வந்து தாம்பூலம் மாத்திட்டுப் போயி மாசத்துக்கு மேல ஆவுது தம்பி. மாப்பிள்ளைன்னு வாயைத் தொறந்து சொல்லிட்டா, அதுக்கப்புறம் யாரு உங்ககிட்ட வேலை வாங்குறது?"